இங்கிலாந்தின் 'மாடர்ன்' பல்கலைக்கழகம் என்றால் என்ன? சேரப் போகிறவர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது, லீட்ஸ் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எந்த லீட்ஸ்?" என்றுதான். லீட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்று, லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம் இன்னொன்று. ஷெஃபீல்டில் ஷெஃபீல்டும் உண்டு, ஷெஃபீல்ட் ஹாலமும் உண்டு. நாட்டிங்காமில் நாட்டிங்காம் ட்ரென்ட், மான்செஸ்டரில் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன், ஏன், ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும், ஏதோ டூப்ளிகேட்டில் மாட்டிக்கொண்டோமோ என்று. அப்படியெல்லாம் இல்லை. இரண்டுமே சட்டப்படி முழுப் பல்கலைக்கழகங்கள், இரண்டும் தருவது ஒரே மதிப்புள்ள பட்டம். ஆனால் இரண்டும் வளர்ந்து வந்த வழி வேறு, அதனால் உள்ளே நடக்கிற படிப்பின் ருசியும் கொஞ்சம் வேறு. இந்த இரண்டாவது வகையைத்தான் அங்கே 'மாடர்ன் யூனிவர்சிட்டி' என்றோ 'போஸ்ட்-92' என்றோ சொல்கிறார்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் போய்ச் சேர்வது இவற்றில்தான். இது என்னவென்று தெரிந்துகொண்டு சேர்கிறவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1992 என்ற வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் உயர்கல்வி இரண்டு தண்டவாளங்களில் ஓடியது. ஒன்றில் பல்கலைக்கழகங்கள்: ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாதிரி பழம்பெரும் இடங்கள், 1900-ஐ ஒட்டித் தொழில் நகரங்களில் எழுந்த பர்மிங்காம், லிவர்பூல், லீட்ஸ் போன்ற 'செங்கல்' பல்கலைக்கழகங்கள், 1960-களில் ஊருக்கு வெளியே பச்சை வெளியில் கட்டிய சசெக்ஸ், யார்க், வாரிக். இன்னொரு தண்டவாளத்தில் பாலிடெக்னிக்குகள். 1965-இல் கல்வி அமைச்சராக இருந்த ஆண்டனி கிராஸ்லாண்ட், உயர்கல்வி மொத்தமும் பல்கலைக்கழகங்களின் கையிலேயே இருக்க வேண்டியதில்லை, உள்ளாட்சியின் கீழ் தொழிலோடு ஒட்டி நடக்கிற கல்லூரிகளும் அதே உயரத்துக்கு வரவேண்டும் என்று வூலிச்சில் ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்த வருடம் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கிடந்த தொழில்நுட்பக் கல்லூரி, ஓவியக் கல்லூரி, வணிகக் கல்லூரி எல்லாவற்றையும் இணைத்து, படிப்படியாக 30 பாலிடெக்னிக்குகள் உருவாக்கினார்கள்.

பாலிடெக்னிக் என்றதும் நமக்கு வேறு படம் வரும். தமிழ்நாட்டில் அது பத்தாவது முடித்துவிட்டுப் போகிற மூன்று வருட டிப்ளமோ. இங்கிலாந்துப் பாலிடெக்னிக்கில் டிகிரியே படிக்கலாம், முனைவர் பட்டம் வரைக்கும் போகலாம். ஒரே குறை, பட்டத்தைத் தன் பெயரில் கொடுக்க முடியாது. அதற்கென்று லண்டனில் ஒரு தேசிய மன்றம் இருந்தது, சான்றிதழ் அதன் பெயரில் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியை நினைத்துக்கொண்டால் பாதி சரியாக இருக்கும். பாதிதான், ஏனென்றால் பாடத்தைத் தயாரிப்பது, கேள்வித்தாள் போடுவது, திருத்துவது எல்லாம் பாலிடெக்னிக்கே செய்தது. மன்றம் தரத்தைச் சரிபார்த்து முத்திரை குத்தும். 1992-இல் ஜான் மேஜர் அரசு கொண்டுவந்த சட்டம் இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. பாலிடெக்னிக்குகள் தங்கள் பெயரிலேயே பட்டம் கொடுக்கலாம், பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை மாறியது. உள்ளே இருந்த வாத்தியார்களும் பட்டறைகளும் அப்படியேதான் இருந்தார்கள்.

பெயர் வைத்ததில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்ப் பெயர் ஏற்கெனவே இன்னொருவர் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன செய்வது? நாட்டிங்காம்காரர்கள் ஆற்றின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஷெஃபீல்ட்காரர்கள் அந்தப் பகுதியின் பழம்பெயரான ஹாலமைப் பிடித்தார்கள். லெஸ்டர் பாலிடெக்னிக் 13-ஆம் நூற்றாண்டுப் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் பெயரை எடுத்துக்கொண்டு டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆனது. லிவர்பூல்காரர்கள் கால்பந்துப் பந்தயச் சீட்டிலும் கடைகளிலும் கோடீஸ்வரரான ஜான் மூர்ஸின் பெயரை வைத்தார்கள்.

கோவென்ட்ரிக்கு அந்தத் தலைவலியே வரவில்லை. காரணம், அந்த ஊரில் இருக்கிற இன்னொரு பல்கலைக்கழகத்தின் பெயர் வாரிக். வாரிக் பல்கலைக்கழகம் வாரிக் ஊரில் இல்லை, கோவென்ட்ரி நகரின் ஓரத்தில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்களும் கோவென்ட்ரியில் இறங்கி பஸ் பிடிப்பார்கள். பெயரை நம்பி வாரிக் ஊரில் வீடு பார்த்துவிடாதீர்கள். மாடர்ன் என்றால் எப்படி இருக்கும் என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் கோவென்ட்ரிதான், ஏனென்றால் அந்த ஊரின் பிழைப்பு மாறமாற அந்தக் கல்லூரியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கோவென்ட்ரி ஒரு காலத்தில் பட்டு ரிப்பன் நெய்கிற ஊர். ரிப்பனுக்கு டிசைன் வேண்டும், டிசைன் போட ஆள் வேண்டும், அதற்காக 1843-இல் ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் தன் வம்சாவளியை அங்கிருந்துதான் சொல்கிறது. ரிப்பன் தொழில் படுத்தது. ஊர் கைக்கடிகாரம் செய்தது, தையல் மெஷின் செய்தது, அப்புறம் சைக்கிளுக்கு மாறியது. இன்றைக்கு நாம் ஓட்டுகிற சைக்கிளின் உருவத்தை, ஒரே அளவுச் சக்கரம், பின் சக்கரத்துக்குச் சங்கிலி என்று சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-இல், இதே ஊரில். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கார். டெய்ம்லர், ட்ரையம்ப், ஜாகுவார் எல்லாம் கோவென்ட்ரி பெயர்கள். இத்தனை தொழிற்சாலைக்கும் பொறியாளர்கள் வேண்டுமே, தொழில்நுட்பக் கல்லூரி வளர்ந்தது. 1970-இல் அந்தக் கல்லூரி, கோவென்ட்ரி ஓவியக் கல்லூரி, பக்கத்து ஊரான ரக்பியின் பொறியியல் கல்லூரி மூன்றும் சேர்ந்து லாஞ்செஸ்டர் பாலிடெக்னிக் ஆயின. ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் என்பவர் பிரிட்டனின் ஆரம்பகாலக் கார்களில் ஒன்றைச் செய்த பொறியாளர், விமானம் எப்படிப் பறக்கிறது என்பதிலும் மண்டையை உடைத்துக்கொண்டவர். வெளியூர்க்காரர்களுக்கு லாஞ்செஸ்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் 1987-இல் கோவென்ட்ரி பாலிடெக்னிக் என்று மாற்றிக்கொண்டார்கள், 1992-இல் கோவென்ட்ரி பல்கலைக்கழகம். லாஞ்செஸ்டர் பெயர் நூலகத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நூலகத்தைப் படத்தில் பார்த்தால் கோட்டை மாதிரி உயர உயரமான கோபுரங்கள் தெரியும், அலங்காரம் இல்லை, சூடான காற்று மேலே ஏறி வெளியேறுவதற்கான புகைபோக்கிகள். இவ்வளவு பெரிய கட்டடத்தை முடிந்தவரை ஏசி இல்லாமல் ஓட்டுவதற்காக அப்படிக் கட்டினார்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பல்கலைக்கழகம் என்றால் வளைவு, வாட்ச்மேன், உள்ளே நீண்ட மரத்தடிச் சாலை எல்லாம் இருக்கும். கோவென்ட்ரிக்குப் போய் கேட் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஊரின் நடுவிலேயே கட்டடங்கள் கலந்து நிற்கின்றன, எதிரே தேவாலயம். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரை எரித்தபோது எரிந்துபோன பழைய தேவாலயத்தை இடிபாடாகவே விட்டுவைத்து, ஒட்டியே புதியதைக் கட்டி 1962-இல் திறந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா அந்தத் தேவாலயத்தில்தான் நடக்கும். மாடர்ன் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்படித்தான், நகரத்தின் சந்தடிக்குள் இருக்கும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டும் சூப்பர் மார்க்கெட்டும். அமைதி வேண்டுமென்றால் வாரிக் மாதிரி தனி வளாகம் பிடிக்கும், பகுதிநேர வேலை தேடவும் காய்கறி வாங்கவும் வசதி வேண்டுமென்றால் இது பிடிக்கும். இது முழுக்க உங்கள் குணத்தைப் பொறுத்தது, தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இந்தப் பரம்பரையால் படிப்பில் என்ன வித்தியாசம்?

வேலையோடு ஒட்டிய படிப்புகள் இங்கே அதிகம். நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி, பிசியோதெரபி, வாகன வடிவமைப்பு, கணினி விளையாட்டு உருவாக்கம், இதழியல், கணக்கியல். இவற்றில் பலவற்றை ஆக்ஸ்ஃபோர்டில் தேடினாலும் கிடைக்காது. கோவென்ட்ரியின் கார் வடிவமைப்புப் படிப்புக்கு அந்தத் தொழிலில் நல்ல பெயர் உண்டு, அது அந்த ஊரின் ஓவியக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஒரே கூரைக்குள் வந்ததன் பலன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேர்மாறாக, சுத்தமான இயற்பியல், கிரேக்க இலக்கியம், தத்துவம் என்று போகிறவர்களுக்கு இங்கே தேர்வு குறைவு. ஆராய்ச்சியிலும் சில துறைகளில் மட்டும்தான் வலு இருக்கும், எல்லாத் துறையிலும் அல்ல.

அடுத்தது 'சாண்ட்விச்'. நான்கு வருடப் படிப்பு, முதல் இரண்டு வருடம் வகுப்பு, மூன்றாவது வருடம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை, நான்காவது வருடம் திரும்பி வந்து முடிப்பது. இரண்டு ரொட்டிக்கு நடுவில் வேலை என்பதால் அந்தப் பெயர். இது பாலிடெக்னிக் காலத்திலேயே பிரபலமான வழக்கம். விளம்பரத்தில் 'பிளேஸ்மெண்ட் இயர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் ஊர் கேம்பஸ் பிளேஸ்மெண்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போவதெல்லாம் நடக்காது. நீங்களே தேட வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும். கல்லூரி பயோடேட்டாவைத் திருத்தித் தரும், இடங்களின் பட்டியல் தரும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் மூன்று வருடப் படிப்பாக மாற்றிவிடுவார்கள். விசாவில் இருக்கிறவர்களுக்கு அப்படி மாறும்போது விசாவின் காலமும் மாறும், அதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பின் கணக்கு கிட்டத்தட்ட எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றுதான். ஒரு வருடத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடத்துக்கு 360. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. அப்படியானால் 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம், அதில் வகுப்பில் உட்காருவது பெரும்பாலும் கால் பங்குகூட இருக்காது. மீதி நேரம் நீங்களே படிக்க வேண்டும். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்று அட்டவணையைப் பார்த்து மகிழ்ந்துபோய் மீதி நேரத்துக்கெல்லாம் வேலை தேடிக்கொண்ட நண்பர்கள் எனக்கு உண்டு. டிசம்பரில் மூன்று அசைன்மெண்ட் ஒரே வாரத்தில் வந்து நின்றபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதுகலை இன்னும் இறுக்கம். 180 கிரெடிட், ஒரே வருடம், செப்டம்பரில் இறங்கி ஜெட்லாக் தெளிவதற்குள் அரைப் பருவம் போயிருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நானே அடிபட்ட இடம் இது. நான் படித்ததும் ஒரு மாடர்ன் பல்கலைக்கழகம்தான், வேறு ஊர். முதல் கட்டுரைக்கு 58 வந்தது. பள்ளியில் தொண்ணூறுக்குக் குறைந்தால் அம்மா பேச மாட்டார்கள், இங்கே ஐம்பத்தெட்டு என்றால் தோற்றுவிட்டோம் என்றே நினைத்து இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே மதிப்பெண் அளவுகோலே வேறு. இளங்கலையில் 40 எடுத்தால் தேர்ச்சி, முதுகலையில் பொதுவாக 50. எழுபதோ அதற்கு மேலோ எடுத்தால் முதல் வகுப்பு, அதை 'ஃபர்ஸ்ட்' என்பார்கள். 60 முதல் 69 வரை 'டூ-ஒன்', 50 முதல் 59 வரை 'டூ-டூ', அதற்குக் கீழே 'தேர்ட்'. கட்டுரைப் பாடங்களில் எண்பது எல்லாம் பார்ப்பதே அபூர்வம், தொண்ணூறு கொடுத்தால் திருத்தியவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்கள் போல. டூ-டூவுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'டெஸ்மண்ட்', ஆர்ச் பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவின் பெயரை வைத்து. வேலைக்கு ஆள் எடுக்கிற பல நிறுவனங்கள் டூ-ஒன் கேட்கும், ஆகவே அறுபதுதான் உங்கள் இலக்குக் கோடு.

பெரும்பாலான படிப்புகளில் முதல் வருட மதிப்பெண் இறுதி வகுப்பில் சேராது, தேறினால் போதும். இதைச் சோம்பலுக்கான அனுமதி என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தப்பு செய்து கற்றுக்கொள்ளக் கிடைத்த வருடம் என்று எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அங்கே எழுத வேண்டிய விதம் நமக்குப் பழக்கமில்லாதது. புத்தகத்தில் இருப்பதை அழகாகத் திருப்பிச் சொன்னால் ஐம்பது. அதைச் சொன்னவர் யார், எதை வைத்துச் சொல்கிறார், மறுப்பவர் யார், இந்த இரண்டு பேரில் நீங்கள் யார் பக்கம், ஏன் என்று எழுதினால்தான் அறுபதுக்கு மேல் ஏறும். மாடர்ன் பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வைவிட அசைன்மெண்ட், குழு வேலை, பிரசன்டேஷன் அதிகம் என்பதால் இந்தத் திறமை இல்லாமல் தள்ள முடியாது. நூலகத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கவே ஆட்கள் இருப்பார்கள், இலவசம், வெட்கப்படாமல் போங்கள்.

காப்பி அடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். அசைன்மெண்டை ஆன்லைனில் ஏற்றும்போதே ஒரு மென்பொருள் அதை உலகத்தில் இருக்கும் மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும். நண்பன் எழுதியதை வாட்ஸ்ஆப்பில் வாங்கி வார்த்தையை மாற்றிப் போட்டால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள், கொடுத்தவனும் சேர்த்து. காசு கொடுத்து எழுதி வாங்குவது மாணவனுக்கு ஒழுங்கு நடவடிக்கை, அந்தச் சேவையை விற்பது 2022 முதல் இங்கிலாந்தில் கிரிமினல் குற்றம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், அசைன்மெண்ட் தாளிலேயே எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் கெடு முடிவதற்கு முன்பே தெரிவித்தால் நாள் நீட்டிப்புக் கிடைக்கும். கெடு முடிந்த பிறகு போய் அழுது பயனில்லை; மறுமுறை எழுத விட்டாலும் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லி. சாரா என்றால் சாரா, டேவிட் என்றால் டேவிட். பேராசிரியர், துறைத் தலைவர் எல்லாருக்கும் இதேதான். முதல் மாதம் வாய் வராது, சார் என்று வந்துவிடும், அவர்கள் சிரித்துக்கொண்டே "டேவிட் போதும்" என்பார்கள். இதனால் அவர் உங்கள் நண்பர் ஆகிவிட்டார் என்று அர்த்தமில்லை, மதிப்பெண் போடும்போது கறாராகத்தான் இருப்பார். பல இடங்களில் திருத்தும்போது உங்கள் பெயரே அவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும். வெளியிலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வந்து திருத்தியது சரிதானா என்று பார்ப்பார். போஸ்ட்-92 பட்டமும் பழைய பல்கலைக்கழகப் பட்டமும் சமம் என்று சொல்வதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

ஆனால் சமூக மதிப்பு சமமா என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லை. 'ரஸ்ஸல் குழு' என்று 24 ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. முதலீட்டு வங்கி, பெரிய சட்ட நிறுவனம் போன்ற இடங்களில் இன்னமும் அந்தப் பெயர்களுக்கு ஒரு கண் சாய்வு உண்டு. நர்ஸிங்கிலோ மென்பொருளிலோ வடிவமைப்பிலோ அந்தச் சாய்வு மங்கிவிடும், வேலை தெரியுமா, போர்ட்ஃபோலியோ என்ன என்றுதான் கேட்பார்கள். உலகத் தரவரிசைகளைப் பார்த்துவிட்டு 600-ஆவது இடத்தில் இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பட்டியல்கள் ஆராய்ச்சிக்கே அதிக எடை தருகின்றன, உங்கள் வகுப்பில் பாடம் எப்படி நடக்கும் என்பதை அவை அளப்பதில்லை. பிரிட்டனுக்குள் கார்டியன் நாளிதழ் போடுகிற பட்டியல் மாணவர் திருப்தி, ஆசிரியர் எண்ணிக்கை மாதிரி விஷயங்களைப் பார்க்கும். 2018 வாக்கில் கோவென்ட்ரி அதில் முதல் 15-க்குள் இருந்தது, பிறகு இறங்கியும் இருக்கிறது. மொத்தத் தரவரிசையை விட்டுவிட்டு உங்கள் பாடத்துக்கான பட்டியலை மட்டும் பாருங்கள், அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஏஜென்ட்டுகள் வருவார்கள். பலர் உங்களிடம் காசே வாங்க மாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தரும். அதில் தப்பில்லை, ஆனால் அவர் கையில் இருக்கிற பட்டியல் கமிஷன் தருகிற இடங்களின் பட்டியல் என்பதை மறக்கக் கூடாது. என் சித்தி பையனுக்கு டேட்டா சயின்ஸ் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் சேர்த்துவிட்டது, பாடங்களைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி மேலாண்மை. பாடவாரியான விவரம் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே இருந்தது, எங்கள் வீட்டில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இலங்கையில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் பக்கத்து விஷயம். கொழும்பில் தனியார் கல்லூரிகள் தருகிற பிரிட்டிஷ் பட்டங்களில் பல இந்த மாடர்ன் பல்கலைக்கழகங்களுடையவை. ஐஐடி என்று அங்கே சொல்கிற இன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி தருவது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம். அந்த வெஸ்ட்மின்ஸ்டரின் தொடக்கம் 1838-இல் லண்டனில் திறந்த ராயல் பாலிடெக்னிக், 1896-இல் லூமியர் சகோதரர்களின் சினிமாவை பிரிட்டனில் முதன்முதலாகக் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்குக் காட்டியதும் ரீஜென்ட் தெருவில் இருக்கிற அதே கட்டடத்தில்தான். விமானம் ஏறாமலே இந்தப் பட்டத்தை வாங்கலாம், செலவும் மிச்சம். ஆனால் அதை வைத்து பிரிட்டனில் வேலை தேடுகிற விசா கிடைக்காது, அதற்கு அங்கே போய்ப் படித்திருக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அந்த நாட்டு மாணவர்களுக்கு இளங்கலைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2025-26-இல் வருடத்துக்கு 9,535 பவுண்டு, அதையும் கடனாக வாங்கிக்கொண்டு சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கட்டலாம். நமக்கு அந்த வரம்பு கிடையாது. மாடர்ன் பல்கலைக்கழகங்களிலும் 15,000 பவுண்டுக்கு மேல்தான் பெரும்பாலும் இருக்கும், படிப்பைப் பொறுத்து ஏறும். அதற்கு மேல் விசாக் கட்டணம், அப்புறம் அரசு மருத்துவச் சேவைக்காக வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கும் வங்கியில் பணம் காட்ட வேண்டும், லண்டனுக்கு ஒரு தொகை, வெளியூருக்கு அதைவிடக் குறைவான தொகை, ஒன்பது மாதத்துக்கு, அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடந்திருக்க வேண்டும். இருபத்தேழாவது நாள் அப்பா அவசரத்துக்கு எடுத்துவிட்டு மறுநாள் போட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தொகை மாறிக்கொண்டே இருக்கும், பிரிட்டன் அரசுத் தளத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சரி, என்னையும் நம்பாதீர்கள்.

பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். சுயதொழில் கூடாது. உணவு டெலிவரி ஆப்களில் ஓட்டுவது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும், நிறையப் பேர் இது தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி விசாவுக்கு ஆபத்து வைத்துக்கொள்கிறார்கள். 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போக முடியாது. படிப்பு முடிந்து வேலை தேட இரண்டு வருடம் தங்கலாம் என்ற ஏற்பாடும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது, முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று வருடம். இப்போது சேர்கிற பலர் முடிக்கும்போது இந்தப் புதிய கணக்குதான் பொருந்தும், ஆகவே கடன் வாங்குமுன் பதினெட்டு என்றே போட்டுக் கணக்குப் பாருங்கள்.

விண்ணப்பம் எளிது. இளங்கலைக்கு யூகாஸ் என்ற ஒரே வாசல், அதில் ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியில் கெடு, ஆனால் இடம் காலியாக இருந்தால் அதற்குப் பிறகும் எடுப்பார்கள், ஆகஸ்டில் மிஞ்சிய இடங்களுக்கு 'கிளியரிங்' என்று ஒரு திருவிழாவே நடக்கும். முன்பெல்லாம் உங்களைப் பற்றி ஒரே நீளக் கட்டுரை எழுத வேண்டும், 2026-இல் சேர்கிறவர்கள் முதல் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். முதுகலைக்கு நேராகப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்கலாம்.

அண்மை வருடங்களில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நிதி நிலைமை சரியில்லை, வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பி வளர்ந்தவை குறிப்பாகத் தடுமாறுகின்றன, துறைகளை மூடுவதும் ஆட்களைக் குறைப்பதும் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. எனவே இடம் கிடைத்த கடிதம் வந்ததும் முன்பணம் கட்டுவதற்கு முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம், நேராக. இந்தப் படிப்பு அடுத்த வருடமும் இதே வளாகத்தில் நடக்குமா, ஏனென்றால் சில பல்கலைக்கழகங்களுக்கு லண்டனில் தனிக் கிளை இருக்கும், நீங்கள் நினைத்த ஊர் ஒன்று போய்ச் சேர்கிற ஊர் ஒன்று என்று ஆகிவிடும். போன வருடம் எத்தனை பேர் பிளேஸ்மெண்ட் போனார்கள், அதில் விசாவில் இருந்தவர்கள் எத்தனை பேர்? விசா மறுத்தால் முன்பணம் திரும்பி வருமா, எத்தனை நாளில்? படிப்பை நடுவில் மூடினால் மாணவர்களை என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அமைப்பின் விதியே இருக்கிறது, அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பதில் ஒரு வாரத்தில் சொந்தப் பெயரோடு ஒரு மனிதரிடமிருந்து வந்தால் நல்ல அறிகுறி. பொத்தாம்பொதுவான விளம்பரப் புத்தகத்தை இணைத்து அனுப்பினால் இன்னொரு முறை கேளுங்கள், அப்போதும் அதே புத்தகம் வந்தால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.